ஒரு புகார், எத்தனை கண்கள்?

நம் பள்ளிக்கல்வித் துறைக்கு 14417 என்ற உதவி எண் இருக்கிறது. பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. இவை எல்லாவற்றிலும் ஒரு பிள்ளை நம்பிச் சொன்ன செய்தி எங்கோ ஒரு பதிவாகிறது. ‘இதை யார் தீர்ப்பது?’ என்று நாம் உடனே கேட்கிறோம். அதனுடன் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, ‘இதை யார் பார்க்கலாம்?’ என்பது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் தரவுத்தளம் நடத்தும்போது ஒரே பாடவேளையில் இதைப் புரியவைத்துவிடலாம். துண்டுச் சீட்டுகளும் கரும்பலகையும் போதும். எங்கள் புதூர்நாட்டில் மின்சாரமோ சிக்னலோ இல்லாத நாளிலும் நடத்தக்கூடிய பாடம் இது.

பெயரை மறைத்தால் போதுமா?

ஜவ்வாது மலையில் பல ஊர்கள் மிகச் சிறியவை. ஊரார் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், பங்காளி. இங்கே ஒரு புகாரில் ‘பத்தாம் வகுப்பு மாணவி, இன்ன ஊர், திருமண ஏற்பாடு’ என்று இருந்தால் பெயரே தேவையில்லை. பார்க்கக் கூடாத ஒருவர் பார்த்தால் மாலைக்குள் அந்த வீட்டுக்குச் செய்தி போய்விடும். உதவி கேட்ட பிள்ளைக்கே ஆபத்து. அதைப் பார்த்த அடுத்த பிள்ளை வாயே திறக்காது.

சட்டமும் இதை அறிந்திருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பாதிக்கப்பட்ட குழந்தையைப் பற்றி ஊடகங்கள் வெளியிடக் கூடாதவை எனப் பெயரை மட்டும் சொல்லவில்லை. முகவரி, நிழற்படம், குடும்ப விவரம், பள்ளி, வாழும் பகுதி ஆகியவற்றையும் அதன் 23ஆம் பிரிவு சேர்த்துச் சொல்கிறது. ஆகவே ஒரு நெடுவரிசையை, அதாவது பெயர்ப் புலத்தை, மறைப்பதால் மட்டும் ஒரு பிள்ளையைக் காக்க முடியாது. அந்த வரிசை முழுவதுமே தொடர்பில்லாதவர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

பன்னிரண்டு சீட்டுகளில் கற்பனைப் புகார்களை எழுதிக்கொள்ளுங்கள். உண்மைப் புகார் எதையும் எடுக்க வேண்டாம். கல்வி உதவித்தொகை வரவில்லை, சாதிச் சான்று கிடைக்கவில்லை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை, விடுதியில் போர்வை போதவில்லை, பேருந்து நேரத்துக்கு வருவதில்லை என்று கலந்து இருக்கட்டும். ஒன்று திருமண ஏற்பாடு பற்றியும், ஒன்று ஓர் ஆசிரியரைப் பற்றியும் இருக்கட்டும். ஒவ்வொரு சீட்டிலும் புகார் எண், தந்தவர், வகுப்பு, ஊர், பொருள், பொறுப்பாளர், நிலை என்ற ஏழு புலங்கள். ஐந்து மாணவர்கள் வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், அலுவலக உதவியாளர், விடுதிக் காப்பாளர், மாவட்ட அலுவலர் ஆகிறார்கள். மற்றவர்கள் புகார் தந்தவர்கள்.

முதல் சுற்று: எல்லாச் சீட்டுகளையும் பலகையில் ஒட்டி, எல்லாரும் படிக்கலாம் என்று விடுங்கள். பிறகு அலுவலக உதவியாளரிடம், “இதில் உங்கள் வேலைக்கு வேண்டியவை எத்தனை?” என்று கேளுங்கள். உதவித்தொகை, சான்றிதழ் என்று மூன்று இருக்கலாம். மீதி ஒன்பதை அவர் ஏன் பார்த்தார்?

இரண்டாம் சுற்று: ஒரு விதி எழுதுங்கள். ‘பொறுப்பாளர் புலத்தில் என் பெயர் இருந்தாலோ, தந்தவர் புலத்தில் என் பெயர் இருந்தாலோ அந்த வரிசை எனக்குத் தெரியும்; மற்றவை தெரியாது.’ இப்போது சீட்டுகளைப் பிரித்துக் கொடுங்கள். வேலை எதுவும் நிற்கவில்லை என்பதை மாணவர்களே கவனிப்பார்கள்.

மூன்றாம் சுற்று: ஆசிரியரைப் பற்றிய புகாரின் பொறுப்பாளர் அதே ஆசிரியர்தான் என்று வையுங்கள். விதிப்படி புகார் யார் மீதோ அவர் கைக்கே போய்விடுகிறது. விதியை எப்படித் திருத்துவது? ‘புகார் யாரைப் பற்றியது’ என்று எட்டாவது புலம் வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அந்தப் புலத்தில் இருப்பவர் பொறுப்பாளராக இருக்கக் கூடாது. பாடத்தின் உயிர் இந்தச் சுற்றில்தான் இருக்கிறது. பதவியைப் பார்த்துச் சாவி தருவது போதாது என்று மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள்.

நான்காம் சுற்று: மாவட்ட அலுவலர் எல்லாவற்றுக்கும் மேற்பார்வையாளர். ஆனால் அவருக்கு வேண்டியது எத்தனை புகார், எத்தனை தீர்ந்தன என்ற எண்ணிக்கை. அதை மட்டும் கொடுங்கள். பிறகு, “இன்ன ஊர், திருமணப் புகார்: 1” என்று எழுதிக் காட்டுங்கள். எண்ணிக்கையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது புரியும். அந்த எண்ணை ஊர்வாரியாகத் தராமல் மாவட்ட அளவில் கூட்டித் தர வேண்டும்.

கணினி இதை எப்படிச் செய்கிறது?

பாடநூலில் வரும் கிராண்ட், ரிவோக் கட்டளைகள் ஓர் அட்டவணையைத் திறக்கவும் பூட்டவும் பயன்படுகின்றன. அது அறைக் கதவின் பூட்டு போன்றது. உள்ளே போனவருக்கு எல்லாப் பெட்டியும் திறந்திருக்கும். இரண்டாம் சுற்றில் நாம் எழுதிய விதி ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பூட்டு. செலக்ட் கட்டளையில் வேர் நிபந்தனை சேர்ப்பதுபோலத்தான் அதுவும். வேறுபாடு என்னவென்றால், அந்த நிபந்தனையைப் பயனர் எழுதுவதில்லை. தரவுத்தளமே ஒவ்வொரு வினவலிலும் சேர்த்துக்கொள்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் இந்த வரிசை அளவுப் பாதுகாப்பு 2016 ஜனவரியில் வெளியான 9.5 பதிப்பில் வந்தது.

திரையில் மறைத்தால் போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். போதாது. முகவரிப் பட்டையில் புகார் எண் 41 என்றிருப்பதை 42 என்று மாற்றினால் அடுத்தவர் புகார் திறந்துகொள்ளும் தளங்கள் உண்டு. இணையச் செயலிகளின் பாதுகாப்புக் குறைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் இத்தகைய அணுகல் குறைபாடுதான் முதலிடம் பெற்றது. ஒருவருக்குத் தன் வேலையை முடிக்கத் தேவையான அளவே அதிகாரம் தர வேண்டும் என்ற கொள்கையை ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகிய கணினி அறிஞர்கள் 1975இலேயே வரையறுத்திருக்கிறார்கள்.

ஆசிரியர் கையில் உள்ளவை

எந்த மென்பொருளின் பூட்டும் நம் பழக்கத்தால் திறந்துகொள்ளும். ஒருவர் கடவுச்சொல்லைப் பள்ளி முழுவதும் பயன்படுத்தினால் யார் பார்த்தார் என்ற தடமே இல்லாமல் போகும். பட்டியலை எக்செல் கோப்பாக இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வரிசைப் பூட்டு அங்கேயே முடிந்தது. சிக்னலுக்காகத் திருப்பத்தூர் இறங்கி வெளிக் கணினியில் வேலை பார்ப்பவர்கள், இறக்கிய கோப்பை அழித்துவிட்டு, தளத்திலிருந்து வெளியேறிய பிறகே எழ வேண்டும். பணிமாறுதலில் சென்றவரின் அனுமதியும் அன்றே நீக்கப்பட வேண்டும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பார்ப்பவர்களைக் குறைப்பது என்றால் புகாரை அமுக்குவது அல்ல. போக்சோ குற்றம் பற்றி அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது குற்றம். உரியவரிடம் உடனே போய்ச் சேர வேண்டும், மற்றவரிடம் போகவே கூடாது. இரண்டும் சேர்ந்ததே பாதுகாப்பு.

மதிப்பீட்டுக்கு மூன்று வினாக்கள்:

1. பள்ளி நூலகப் பதிவேட்டில், யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பதை யார் யார் பார்க்கலாம்? விதியாக எழுதுக.

2. பெயர்ப் புலத்தை நீக்கிய பிறகும் ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய புலங்கள் எவை?

3. புகார் தலைமையாசிரியரைப் பற்றியது என்றால் அந்த வரிசை யாருக்குத் தெரிய வேண்டும்? ஏன்?