வெயில் மயக்கமா, வெப்பத் தாக்கமா?

அளவிடத் தொடங்கிய நாள்முதல் 2024 வரை, உலகம் கண்ட மிகச் சூடான ஆண்டு அந்த 2024தான். கத்தரி வெயிலில் தலைசுற்றல், தசைப்பிடிப்பு வந்தால் நிழலில் உட்கார்ந்து உப்புப் போட்ட நீர்மோர் குடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பத் தாக்கம்; உயிருக்கே ஆபத்து. வியர்க்கிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள், வெயிலில் உழைப்பவருக்கு வியர்வையோடும் வரும். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்க வேண்டாம்: உடையைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, புரையேறும். பாராசிட்டமால் இந்தச் சூட்டுக்குக் கேட்காது.