வாங்கப்போகிறவருக்காக ஒரு பத்தி



தம்பி, பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழை யூனிகோடுக்கு மாற்றும் உங்கள் நிரலை முழுக்கப் படித்தேன். கொம்பை நீங்கள் கையாண்டிருக்கும் விதம் அபாரம். பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் கொம்பு கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் மெய்யெழுத்துக்கு முன்னால் கிடக்கும். யூனிகோடில் அது பின்னால் போக வேண்டும். ஔகாரக் குறியின் வால் 'ள' போலவே இருப்பதால் பல மாற்றிகள் 'கௌரவ'த்தைக் 'கெளரவம்' ஆக்கிவிடும். உங்களுடையது சொல்லைப் பார்த்து முடிவு செய்கிறது. இதைவிடக் கவனமாக எழுதிய மாற்றியை நான் படித்ததில்லை. பாராட்டு இத்தோடு முடிந்தது.

ரீட்மீயின் அடியில் இருக்கும் ஒரு பத்திதான் என்னை எழுத வைத்தது. நிரலை ஏஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டிருக்கிறீர்கள், நல்லது. ஆனால், பேட்ச் அனுப்புகிறவர் ஒவ்வொருவரும் தம் உரிமை முழுவதையும் தொடங்கவிருக்கும் உங்கள் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது அந்தப் பத்தி. அதாவது இந்த நிரலை மாற்றி இணையச் சேவையாக நடத்துகிற எவரும் தம் மாற்றங்களைப் பயனர்களுக்குத் திறந்து காட்ட வேண்டும். நீங்கள் மட்டும் பூட்டி விற்கலாம். அதற்கு மேலே 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். ஊரார் கல் கொடுத்துக் கட்டும் கோபுரத்தின் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்பவர் செய்கிற காரியம் இது. பாமினிக்கான அட்டவணையை நீங்கள் போடவில்லை, வெளியாள் ஒருவர் போட்டுத் தந்தது என்று கமிட் வரலாறே சொல்கிறது. அதே வரலாற்றில் உங்கள் கமிட்களில் பாதி அலுவலக மின்னஞ்சலோடு கிடக்கின்றன. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். பிறரிடம் உரிமை கேட்கும் முன் உங்கள் உரிமை உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

'நான் அதைத் தவறாகப் பயன்படுத்த மாட்டேன்' என்பீர்கள். நம்புகிறேன். ஆனால் குவித்த உரிமை உங்களோடு நிற்காது. நாளை உங்கள் நிறுவனத்தை வாங்குகிறவரிடம் போய்விடும். மைஎஸ்கியூஎல் இந்த வழியில்தான் வளர்ந்தது: ஊருக்கு ஜிபிஎல், காசு கொடுப்பவருக்குத் தனி உரிமம். 2008இல் சன் நிறுவனம் ஏறக்குறைய 100 கோடி டாலருக்கு அதை வாங்கியது. 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியபோது அந்தத் தனி உரிமமும் கூடவே போனது. மைஎஸ்கியூஎல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான மான்டி விடேனியஸ் அந்த விற்பனையை எதிர்த்துக் குரல் கொடுத்தார், பலிக்கவில்லை. தான் உருவாக்கிய நிரலையே மற்றவர்களைப் போல ஜிபிஎல்லின் கீழ் எடுத்து மரியாடிபி என்று ஃபோர்க் செய்யத்தான் அவரால் முடிந்தது. ஹாஷிகார்ப்பும் பங்களிப்பாளர்களிடம் ஒப்பந்தம் வாங்கிவந்த நிறுவனம்தான். 2023 ஆகஸ்டில் தன் டெராஃபார்ம் கருவியின் திறந்த உரிமத்தைக் கைவிட்டது. அடுத்த மாதமே ஓப்பன்டோஃபு என்ற ஃபோர்க் லினக்ஸ் ஃபவுண்டேஷனில் சேர்ந்தது. 2024 ஏப்ரலில் ஐபிஎம் அந்த நிறுவனத்தை 640 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஆக, பூட்டினால் பணம் வராது என்று நான் சொல்லவில்லை. பேட்ச் அனுப்பியவர்களின் உழைப்பும் அந்த விலையில் சேர்ந்து விற்கப்படுகிறது என்கிறேன்.

'அமேசான் போன்றவர்கள் எடுத்து விற்றுவிடுவார்களே?' என்பது அடுத்த கேள்வி. நியாயமான பயம்தான். எலாஸ்டிக் நிறுவனம் அந்தப் பயத்தில்தான் 2021இல் தன் நிரலின் உரிமத்தை மாற்றியது. அமேசான் ஓப்பன்சர்ச் என்ற ஃபோர்க்கை உருவாக்கிக் காட்டியது. 2024 மார்ச்சில் ரெடிஸ் மாற்றியது. சில நாட்களிலேயே வால்கீ என்ற ஃபோர்க் முளைத்தது. இரண்டு நிறுவனங்களும் கடைசியில் வந்து நின்ற இடம் ஏஜிபிஎல்: எலாஸ்டிக் 2024 ஆகஸ்டில், ரெடிஸ் 2025 மேயில். அவர்கள் சுற்றிவளைத்து வந்து சேர்ந்த இடத்தில் நீங்கள் முதல் நாளே நிற்கிறீர்கள். பயத்துக்கு அந்த மருந்து போதும். அதற்கு மேல் எழுதி வாங்கும் உரிமை வேறு எதற்கோ.

முதலீட்டாளர் கேட்கிறார் என்பீர்கள். அவருக்கு லினக்ஸ் கெர்னலைக் காட்டுங்கள்: அதன் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸே நினைத்தாலும் தனியாக உரிமத்தை மாற்ற முடியாது. அங்கே பேட்ச் அனுப்புகிறவர் 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்று ஒரு கையொப்ப வரி சேர்த்தால் போதும். அந்தக் கெர்னலைச் சொந்தம் கொண்டாட முடியாத ரெட் ஹேட்டுக்கு ஐபிஎம் 2019இல் 3,400 கோடி டாலர் கொடுத்தது. ஐபிஎம் வாங்கியது வாடிக்கையாளர்களையும் வேலை தெரிந்தவர்களையும்தான். உங்களுக்கும் காசு தரப்போவது மாற்றி அல்ல. பதிப்பகங்களின் பழைய கோப்புகளை வாங்கி, பிழை திருத்தி, தேடக்கூடிய வடிவில் திருப்பித் தரும் சேவை. அதற்கு யாருடைய உரிமையும் வேண்டாம்.

இந்தத் தொழில் ஒரு பாடத்தை முன்பே படித்திருக்கிறது. கெர்னல்காரர்கள் 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியுரிமைக் கருவியை இலவசமாகப் பயன்படுத்தினார்கள். நல்ல கருவி, ஆனால் கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய இலவசம். 2005இல் கொடுத்தவர் அதை எடுத்துக்கொண்டார். அதையொட்டி டோர்வால்ட்ஸ் கிட் என்ற கருவியை எழுதத் தொடங்கினார். நீங்கள் தினமும் கமிட் செய்வது அதில்தான். பிட்கீப்பரும் 2016இல் திறந்த உரிமத்துக்கு வந்தது. அதற்குள் உலகம் கிட்டுக்குப் போய்விட்டிருந்தது. திரும்ப எடுக்க முடியாதபடி கொடுப்பதைத்தான் மற்றவர்கள் நம்பி அதன்மேல் வேலை செய்வார்கள்.

ஆகவே தம்பி, ஏஜிபிஎல் இருக்கட்டும். அந்தப் பத்தியை நீக்குங்கள், கையொப்ப வரி முறைக்கு மாறுங்கள், அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். இவை மூன்றும் நிறுவனத்தைப் பதிவு செய்யும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.