செயற்கைக்கோள் படம் வாங்கும் பெட்டிக்கு நாமே ஒரு சிஸ்டம் இமேஜ்

ஒரு சர்க்யூட்டை லேபில் ஓட வைப்பது ஒரு வேலை. நாம் பக்கத்தில் இல்லாதபோதும், கரண்ட் போய்ப் போய் வந்தாலும் அது தானாக ஓடுவது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் இக்கட்டுரை.

முதலில் பெட்டி. ரஷ்யாவின் மீட்டியோர்-எம் என்2-3 (2023), என்2-4 (2024) என்ற வானிலை செயற்கைக்கோள்கள் மேகப் படங்களை 137 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில், யாரும் வாங்கிக்கொள்ளும்படி அனுப்பும் வகையைச் சேர்ந்தவை. பழைய கட்டுரைகளில் நோவா 15, 18, 19 என்று இருக்கும். அவை மூன்றும் 2025-இல் நிறுத்தப்பட்டுவிட்டன, அவற்றை நம்பி மொட்டை மாடியில் காத்திருக்க வேண்டாம். ஆண்டெனாவுக்கு 53.4 செ.மீ. நீளத்தில் இரண்டு அலுமினியக் கம்பி, நடுவில் 120 டிகிரி, அவ்வளவுதான். கூடவே ஆர்டிஎல் டாங்கிள் ஒன்று, ராஸ்ப்பெர்ரி பை 4 ஒன்று, சாட்டம்ப் என்ற இலவச மென்பொருள்.

இதையெல்லாம் ஒரு கார்டில் ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதும், ஒரு மாதத்துக்கு! பிறகு கார்டு கெட்டுப்போகும். எந்தக் கட்டளையை எந்த வரிசையில் கொடுத்தோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. செய்தவர் ஃபைனல் இயர் முடித்துப் போயிருப்பார். அதனால் கட்டளைகளையே எழுதிவைத்து, அதிலிருந்து முழு இமேஜையும் மெஷினே தயாரிக்கும்படி செய்ய வேண்டும்.

அதற்கான கருவி பை-ஜென். ராஸ்ப்பெர்ரி பை நிறுவனமே தன் இமேஜ்களை இதில்தான் செய்கிறது. இதில் ஸ்டேஜ் 0 முதல் 5 வரை உண்டு. ஸ்டேஜ் 2 முடிந்தால் டெஸ்க்டாப் இல்லாத லைட் இமேஜ் கிடைக்கும். நமக்கு அதுவே போதும், பெட்டிக்கு மானிட்டரே கிடையாதே. 3, 4, 5-ஐ விட்டுவிட்டு, நம்முடைய ஸ்டேஜ் ஒன்றை 2-க்குப் பின்னால் சொருகுகிறோம். அதில் வேண்டிய பேக்கேஜ்களின் பட்டியல் ஒரு ஃபைல், செய்ய வேண்டிய வேலைகள் இன்னொரு ஃபைல். பயனர் பெயரை கான்ஃபிக் ஃபைலில் நாமே கொடுக்க வேண்டும். 2022-க்குப் பிறகு பழைய பொதுப் பெயரும் பாஸ்வேர்டும் கிடையாது, நல்லதுதான்.

நம் ஸ்டேஜில் நான்கு விஷயம் கட்டாயம். டாங்கிள் உண்மையில் டிவி பார்க்கச் செய்யப்பட்டது. லினக்ஸ் அதைப் பார்த்ததும் டிவி டிரைவரை ஏற்றிவிடும், ரேடியோ மென்பொருளுக்கு டாங்கிள் கிடைக்காது. ஆகவே அந்த டிரைவரைத் தடைப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.

அடுத்தது கடிகாரம். பை 4-இல் கரண்ட் போனால் நேரமும் போய்விடும். இன்டர்நெட் இருந்தால் சரியாகிவிடும். இல்லாவிட்டால் பெட்டி பழைய நேரத்திலேயே நிற்கும். செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் இருப்பதோ அதிகபட்சம் கால் மணி நேரம். கடிகாரம் இருபது நிமிடம் பின்தங்கினால் அது போன பிறகுதான் பெட்டி விழித்துக்கொள்ளும். எனவே டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றை வைத்து, அதற்கான வரியை இமேஜிலேயே எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, பதிவு செய்யும் முறை. ரேடியோ அலையை அப்படியே விநாடிக்கு 10.24 லட்சம் சாம்பிள் வீதம் சேமித்தால் 10 நிமிடத்துக்கு சுமார் 1.2 ஜிபி. உடனுக்குடன் டீகோட் செய்து டேட்டாவை மட்டும் வைத்தால் ஐந்தாறு எம்பி. கார்டின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

நான்காவதுதான் எனக்கு முக்கியம். எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கடல் தொழில். "மேகத்தைப் படம் பிடிக்குதாமே, காட்டுடா" என்கிறார். வானிலை மையத்தின் எச்சரிக்கைக்கு இது மாற்று இல்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் புயல் சின்னம் உருவாகும் நாளில்தானே பார்க்கத் தோன்றும்? கரண்ட் போவதும் அன்றைக்குத்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டில் உள்ள சிஸ்டமே குலைந்துபோகும். அதனால் சிஸ்டம் பகுதியை ஓவர்லே முறையில் படிக்க மட்டும் என்று பூட்டிவிட வேண்டும். மாற்றங்கள் எல்லாம் ராமில் நடந்து, ரீபூட்டில் மறையும். படங்கள் தனியாக ஒரு பென் டிரைவுக்குப் போகட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. செயற்கைக்கோளின் பாதையைச் சொல்லும் இரண்டு வரிக் கணக்கை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். அதுவும் ராமில் இருந்தால் ரீபூட் ஆனதும் பழைய கணக்கே திரும்பி வரும். அதையும் பென் டிரைவில் வையுங்கள்.

இமேஜ் தயாரானதும் புதுக் கார்டில் எழுதி ஒரு படம் வாங்கிப் பாருங்கள். பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள், பத்துத் தடவை. பத்துத் தடவையும் தானாக எழுந்து அடுத்த செயற்கைக்கோளுக்குக் காத்திருந்தால், அந்த இமேஜையும் ஸ்டேஜ் ஃபோல்டரையும் சேர்த்து ஜூனியர்களிடம் கொடுங்கள்.