விடைத்தாள்களும் விடுமுறையும்

கேள்வி: ஜூனில்தான் ஆசிரியையாகப் பணியேற்றேன். விடைத்தாள், பாடக்குறிப்பு என்று இரவுகளும் கழிகின்றன. அரையாண்டு விடுமுறையிலாவது தாய்வீட்டில் நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இருக்கத்தான் வேண்டும், சகோதரி. நல்லாசிரியரின் லட்சணங்களை வகுத்த பவணந்தி முனிவர், நன்னூலில் அவரை நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்குக்கு ஒப்பிட்டாரே, அவற்றுள் முதலாவதான நிலத்தையே போகத்துக்குப் போகம் ஓய்வின்றி உழுதால் சாரம் வற்றிப்போகும் என்பதை எந்தக் குடியானவரும் அறிவார். (உவமையைச் சற்று இழுத்துவிட்டேன், முனிவர் க்ஷமிப்பாராக!) ஆகவே, தேர்வு நடக்கும் நாட்களிலேயே தினம் ஒரு கட்டாகத் திருத்திவந்து, எஞ்சியதை விடுமுறையின் முதல் இரண்டு தினங்களில் தீர்த்துவிட்டு, சிவப்பு மைப் பேனாவை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ரயிலேறுங்கள். ஜனவரிப் பாடக்குறிப்பைத் திரும்பிவந்து எழுதிக்கொள்ளலாம்; அதற்கு அப்பால் பொங்கல் விடுமுறையும் இருக்கவே இருக்கிறது.