லோரி ஓட்டுநரை அழைப்பது யார்?

கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட லோரி ஷா ஆலாமைத் தாண்டுவதற்குள் ஓட்டுநரின் கைப்பேசி அடிக்கத் தொடங்கிவிடும். எங்கே இருக்கிறாய், எத்தனை மணிக்கு வருவாய் என்று ஆப்பிசிலிருந்து கேட்பார்கள். விபத்து நடந்தால் நாம் ஓட்டுநரைத்தான் திட்டுகிறோம். அழைத்தவரை யாரும் கேட்பதில்லை.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் லோரி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. ஐந்து விநாடி குனிந்து வாட்ஸ்அப் பார்த்தால், நூறு மீட்டருக்கும் மேல் சாலையைப் பார்க்காமலே ஓட்டியிருப்பீர்கள். கனரக லோரி ஓட்டுநர்களை உண்மைச் சாலையில் கண்காணித்த அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள், செய்தி தட்டும்போது விபத்து அபாயம் 23 மடங்கு கூடுவதாக 2009இல் சொன்னார்கள். இங்கே அந்த நூறு மீட்டரில் பெரும்பாலும் ஒரு மோட்டார்சைக்கிள் இருக்கும். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார்சைக்கிளில் செல்பவர்களே.

ஓட்டுநர்களே, போக வேண்டிய இடத்தை வேஸ் வழிகாட்டிச் செயலியில் போடுவது, சரக்குத் தாள்களை அடுக்குவது எல்லாவற்றையும் துறைமுக வாசலிலேயே முடித்துவிடுங்கள். கைப்பேசியைச் சத்தமில்லாமல் வைத்து, கை எட்டாத இடத்தில் போடுங்கள். மடியில் நாசி லெமாக், கையில் பையில் கட்டிய தே தாரேக் என்று ஓட்டுவதும் இதே ஆபத்துதான். பேசியே ஆகவேண்டுமென்றால் ஓய்விடத்தில் நிறுத்திப் பேசுங்கள். அவசரத் தடத்தில் நிறுத்தாதீர்கள், அங்கே பின்னால் வரும் வண்டி மோதும். கையில் பிடிக்காமல் பேசினாலும், முதலாளியோடு வாக்குவாதம் என்றால் மனம் சாலையில் இருக்காது.

முதலாளிமார்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. லோரியில் ஜிபிஎஸ் இருந்தால், அது எங்கே நிற்கிறது என்பது உங்கள் திரையிலேயே தெரியும். பிறகு எதற்கு அழைப்பு? ட்ரிப்புக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குபவர் உங்கள் அழைப்பை எடுக்காமல் இருக்கத் துணியமாட்டார். ஆகவே, ஓடும் வண்டிக்கு அழைப்பதில்லை என்ற விதியை நீங்கள்தான் எழுதி ஆப்பிசில் ஒட்ட வேண்டும். தாமதத்துக்குச் சம்பளத்தில் கைவைக்காதீர்கள். தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கும் சட்டம் 1994 முதல் நம் நாட்டில் இருக்கிறது. அமெரிக்காவோ, 2012 முதல் லோரி ஓட்டுநர் கைப்பேசியைப் பிடித்துப் பேச அனுமதிக்கும் நிறுவனத்துக்கும் அபராதம் போடுகிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓட்டுநர் அழைப்பை எடுத்ததும் "வண்டி ஓட்டுறீங்களா?" என்று முதலில் கேளுங்கள். ஆமாம் என்றால் உடனே வைத்துவிடுங்கள்.