நுண்ணலை வெப்பத்தால் உலர்த்தும் முறை

கார்த்திகைக்கு முன்னர் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குச் செல்வோர், அகல் விளக்குகளும் பொம்மைகளும் உலர்வதற்காகக் காத்துக் கிடப்பதைக் காணலாம். மழைக்காலத்துக் காற்றில் ஈரம் மிகுதி. ஆகவே சூளை தயாராயிருந்தும் சரக்கு தயாராவதில்லை. நமது மங்களூர் வட்டாரத்தில் மக்காச்சோளத்திற்கும், பருவம் தவறி மழை பெய்தால், இதே சங்கடந்தான். இந்நிலையில், 'மைக்ரோவேவ் உலர்த்தி' வாங்கலாமா என்று பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் வினவினார். அதற்குரிய விடையே இக்கட்டுரை.

நுண்ணலை என்பது வானொலி அலையின் இனத்தைச் சேர்ந்தது. 1945-ஆம் ஆண்டில் அமெரிக்கரான பெர்சி ஸ்பென்சர், ராடார் கருவிக்கான மாக்னெட்ரான் குழாயைக் கொண்டு உணவைச் சூடாக்கலாமெனக் கண்டார். வீட்டு அடுப்பில் இவ்வலை விநாடிக்கு 245 கோடி முறை அதிர்கிறது. நீரின் மூலக்கூறுகள் அதனுடன் திரும்ப முயல்கையில் வெப்பம் உண்டாகிறது. வெயிலோ விறகோ மேற்பரப்பையே முதலில் சுடுகிறது. நுண்ணலையோ உள்ளிருக்கும் ஈரத்தையும் நேரே சூடாக்குகிறது. ஈரமான பகுதி மிகுதியாகவும், உலர்ந்த பகுதி குறைவாகவும் அதனை ஏற்பது மற்றொரு நன்மை.

பச்சைக் களிமண் பொருளில் வெளிப்புறம் முந்தி உலர்ந்து சுருங்கினால் வெடிப்பு விழும். கனமான மின் காப்புப் பீங்கான்களில் இந்நஷ்டம் அதிகம். உள்ளிருந்து ஈரத்தை வெளித்தள்ளும் முறை இதற்குப் பொருத்தமானதே. ஆயினும் அவசரப்பட்டால் உள்ளேயே நீராவி மிகுந்து பொருள் சிதறிவிடும். பிளாஸ்டர் அச்சுகளிலும் எச்சரிக்கை தேவை. சுமார் 50 டிகிரி செல்சியசுக்கு மேல் நெடுநேரம் சூடேறினால் அவை பலமிழக்கும்.

சாயமிட்ட நூற்கண்டுகளின் நடுப்பகுதி எளிதில் உலராது. சாய ஆலைகளில் முதலில் சுழல் இயந்திரத்தால் நீரைப் பிழிந்தெடுத்துவிட்டு, எஞ்சியதை மட்டுமே வானொலி அலை உலர்த்தியில் போக்குகின்றனர். நுண்ணலையினும் நீண்ட அலை அது; வேலை செய்யும் தத்துவம் ஒன்றே. மலிவான வழியில் போகும் நீரை மின்சாரத்தால் போக்கலாகாது என்பதை அவர்கள் நன்கறிவர்.

இனி மக்காச்சோளத்திற்கு வருவோம். 20 சதவீத ஈரமுள்ள ஒரு டன் தானியத்தை 14 சதவீதத்துக்குக் கொணர, ஏறத்தாழ 70 கிலோ நீரைப் போக்கவேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்கச் சுமார் 0.7 யூனிட் மின்சாரம் செல்லும். ஆகமொத்தம் 49 யூனிட். இயந்திரத்தில் வீணாவதையும் சேர்த்தால் 80 யூனிட் ஆகிவிடும். கட்டணத்தைக்கூடத் தாங்கலாம், ஆனால் விலையுயர்ந்த இயந்திரம் அறுவடைக்குப்பின் ஆண்டின் பெரும்பகுதி சும்மா கிடக்குமே! விதைக்கு வைக்கும் தானியமாயின் சூடு மிஞ்சி முளைப்புத்திறனும் கெடும்.

ஆதலின் தானியத்திற்காக இவ்வியந்திரம் வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. சிமெண்டு உலர்களமும், மழைக்கு மூடத் தார்ப்பாய்களும், ஈரப்பதம் அளக்கும் கருவி ஒன்றும் நமக்கு முதலில் வேண்டும். சாலையில் சோளம் காயவைத்து விபத்துக்கு இடமளிப்பதும் அதனால் குறையும். பீங்கான் தொழில் செய்வோர் கூட்டாக வாங்க எண்ணினால், தம் மண்ணிலேயே செய்த சில உருப்படிகளை விற்பவரிடம் கொடுத்து, உலர்த்துமுன்னும் பின்னும் எடை பார்த்து, சூளையில் சுட்டபின் எத்தனை வெடித்தன என்று எண்ணிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கவேண்டும்.

கதவு சரிவர மூடாத இயந்திரத்தை இயக்கலாகாது. அலை வெளியே கசிந்தால் உடலுக்குத் தீங்கு.