சோலைக்காட்டுப் பாசி

ஐப்பசி மழை பெய்ததும் நம் ஊர்க் கிணற்றுச் சுவர்களில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் பாசி படர்வதைக் காண்கிறோம். மாஸ் எனப்படும் இச்சிறு தாவரத்திற்கு உண்மையான வேர் இல்லை. நீரைப் பெரும்பாலும் இலைகளாலேயே உறிஞ்சுகிறது. ஆகவே ஈரமே இதற்கு உயிர்.

மாணவியரே! பழனி, நீலகிரி மலைகளின் சோலைக்காடுகளில் மாஸ் வகைகள் ஏராளம். செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைக் குரு ஃபோரோ அடிகளார் அவற்றைத் தேடிச் சேகரித்து, பழனி மலை வகைகளின் விவரங்களை 1961-இல் வெளியிட்டார்.

ஆனால் தேயிலைக்காகவும், யூகலிப்டஸ், அயல்நாட்டுச் சீகை மரங்களுக்காகவும் சோலைகள் பெருமளவு அழிக்கப்பட்டன. மரக்கூரை திறந்தால் வெயிலும் காற்றும் உட்புகும். நிழலுக்கே பழகிய பாசி காய்ந்து மடியும்.

பாசிக்கு வரும் கேடு நமக்கும் கேடே. அது மழைநீரையும் மூடுபனியின் ஈரத்தையும் பஞ்சுபோல் பிடித்து, மெல்லக் கசியவிடுகிறது. கோத்தகிரி அருகே எஞ்சியுள்ள லாங்வுட் சோலையின் பரப்பு ஏறத்தாழ 116 ஹெக்டேர்தான். எனினும் 18 கிராமங்களுக்கு அதுவே நீராதாரம். 2024-இல் அச்சோலையும், நம் மரக்காணம் பக்கத்துக் கழுவெளியும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

பாசியை மட்டும் தனியே காக்க இயலாது. அதற்கு நிழல் தரும் மரத்தைக் காப்போம். பாசி தானே பிழைக்கும்.